புட்டிங் எறிந்தவன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள் என்று பிபிசியின் பழைய வானொலி நகைச்சுவைத் தொடரான ‘கூன் ஷோ’வில் அந்த பெக்ஸ்ஹில் புட்டிங் கதையைக் கேட்டேன். துப்பறியும் கதை என்றீர்கள். துப்பும் இல்லை, தர்க்கமும் இல்லை, ஒரே கூச்சல். படகுக் காட்சியில் என் பேரன் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது?

இரா., மன்னார்குடி

அன்புள்ள இரா.,

விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

1954 அக்டோபரில் பிபிசியில் வந்தது அது. கதை நடப்பது 1941இல், போர்க்கால இருட்டடிப்பில், இங்கிலாந்தின் தென்கடலோர ஊரான பெக்ஸ்ஹில்லில். மாவும் முட்டையும் பாலும் கரைத்துச் சுட்ட புட்டிங்கை யாரோ இருட்டில் கிழவர், கிழவிகள் மேல் எறிகிறான். மேலே விழுந்தது என்னவென்று பார்க்கத் தீக்குச்சி கிழித்தால், அந்த வெளிச்சத்தைக் குறிபார்த்து ஜெர்மன் குண்டு வந்து விழுகிறது. துப்பறிய வந்தவருக்கும் கண் தெரியவில்லை, கேட்கிற நமக்கும் தெரியவில்லை. அச்சில் மர்மக்கதை எழுதுகிறவன் பாடுபட்டு ஒளிக்க வேண்டியதை, வானொலி சும்மாவே ஒளித்துக் கொடுத்துவிடுகிறது. எழுதிய ஸ்பைக் மில்லிகன் (நம் அகமத்நகரில் 1918இல் பிறந்தவர்) போர்க்காலத்தில் பீரங்கிப் படையாளாக அதே பெக்ஸ்ஹில்லில் இருந்தவர். அந்த இருட்டு அவர் பழகிய இருட்டு.

எங்களுக்குப் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. ஐப்பசியில் மழை விட்ட அந்தியில் ஈசல் கிளம்பிவிடும். சோற்றில் விழும் என்று அம்மா பல்பை அணைத்துவிடுவாள். அந்த இருட்டில்தான் திருச்சி வானொலி நாடகம் கேட்போம். டிரான்சிஸ்டரின் அலைவரிசைக் கண்ணாடியில் மட்டும் மஞ்சளாக ஒரு கீற்று. ஒருநாள் நாடகத்தில் கதவு கிறீச்சிட்டது. அப்பாயி, “யாருடா அது? நாதாங்கி போட்டிருக்கா பாரு” என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே போய்விட்டாள். போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் நாடகம் முடியும்வரை டார்ச்சை மடியிலேயே வைத்திருந்தாள். கொலைக்கதைக்கும் சிரிப்புக்கதைக்கும் அந்தக் கிறீச் ஒன்றுதான். காது முதலில் நம்பிவிடுகிறது, பிறகுதான் பயமா சிரிப்பா என்று முடிவாகிறது.

பேரன் சரியான இடத்தில்தான் சிரித்திருக்கிறான். துப்பில்லை என்கிறீர்களே, அந்தப் படகில் இருப்பதே துப்புதான். துப்பறிகிற சீகூனும், புட்டிங் எறிந்தவன் என்று அவர் கண்டுபிடித்த மோரியார்ட்டியும் நடுக்கடலில் மிதக்கிறார்கள். பசி காதை அடைக்கிறது. கைவசம் மிச்சம் ஒரே ஒரு புட்டிங். தின்றுவிடலாம் என்றால் சீகூன் விடமாட்டேன் என்கிறார். அது ஒன்றுதான் ஆதாரம்! தின்றால் வழக்கு போச்சு, தின்னாவிட்டால் உயிர் போச்சு. எத்தனையோ துப்பறியும் கதை படித்திருக்கிறேன், தடயத்தை இத்தனை விசுவாசமாகக் காத்த ஆளை வேறெங்கும் பார்த்ததில்லை.