காரை அப்பா வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள், தம்பி

மலேசியாவில், கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அடுத்த மாதம் குடிமாறுகிறாராம். "சொந்தக் காரிலேயே சாமானை ஏற்றிக்கொண்டு, வழியில் நாலு இடம் பார்த்துக்கொண்டு வரலாமா அண்ணே? பிள்ளைகளுக்குப் பள்ளி எப்படி? வாடகை எவ்வளவு ஆகும்?"

பள்ளியைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என் பிள்ளைகள் படித்து முடித்து ரொம்ப நாளாகிறது. வாடகையும் அப்படித்தான். நான் கொடுத்த தொகையைச் சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும், அவ்வளவுதான் பயன். ஒன்று மட்டும் சொல்கிறேன். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு பார்க்கும்போது மலேசியர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்ற வெளிநாட்டவர்களுக்கு ஒவ்வொரு புளோக்கிலும் பேட்டையிலும் இருக்கும் ஒதுக்கீட்டு வரம்பு நமக்குக் கிடையாது. சில முகவர்கள் இதை மறந்துவிட்டு, "இடமில்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இனி கார். வரலாம், ஆனால் வைத்துக்கொள்ள முடியாது. சிங்கப்பூரில் குடியிருப்பவர் வெளிநாட்டில் பதிவான வண்டியை இங்கே வைத்திருக்கவோ ஓட்டவோ கூடாது. ஜொகூரிலேயே வீடு வைத்துக்கொண்டு தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் கதை வேறு. அவர்களைப் பார்த்துவிட்டு, "பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டுகிறாரே" என்று நீங்களும் ஆரம்பித்துவிடாதீர்கள். காரில்தான் வரவேண்டும் என்றால் தம்பியையோ மச்சானையோ ஓட்டச் சொல்லுங்கள். இறக்கிவிட்டு அவர் வண்டியைத் திருப்பி எடுத்துப் போகட்டும். விஇபி (வெளிநாட்டு வண்டிக்கான நுழைவு அனுமதி) பதிவு, கட்டணம் கழிக்கும் ஆட்டோபாஸ் அட்டை எல்லாம் அவர் முன்கூட்டியே முடித்துவைக்க வேண்டும். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கும் இணையப் பக்கங்களை ஒதுக்குங்கள்.

வழியைப் பற்றிக் கவலையே வேண்டாம். 700 கிலோமீட்டர் சொச்சம், முழுக்க நெடுஞ்சாலை. மெனோரா குகையைத் தாண்டினால் ஈப்போ, சுண்ணாம்பு மலைகளைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள். ஈப்போவில் வாழையிலைச் சாப்பாடு. கோலாலம்பூரை மட்டும் வேலை நேரத்தில் கடக்காதீர்கள். ஆயர் குரோவில் இறங்கி மலாக்காவில் இரவு தங்கினால் மறுநாள் காலை நெடுஞ்சாலையோரம் மாச்சாப் ஓய்விடத்தில் பசியாறிவிட்டு நிதானமாக வரலாம். டோல் கட்டும் டச் என் கோ அட்டையில் மட்டும் போதுமான பணம் இருக்கட்டும்.

சிரமமெல்லாம் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலத்தின் நீளம் அவ்வளவுதான், ஆனால் அதைக் கடக்க ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போகும் நேரம் ஆனவர்கள் உண்டு. கெடாவில் உங்களுக்கு வெள்ளி, சனி விடுமுறை. அந்தப் பழக்கத்தில் ஞாயிறு சாலை சும்மா இருக்கும் என்று நினைத்துப் புறப்பட்டுவிடாதீர்கள். ஞாயிறு மாலை ஒட்டுமொத்த சிங்கப்பூரும் ஜொகூரில் சாப்பிட்டு, எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு வீடு திரும்பிக்கொண்டிருக்கும். ஜொகூரும் 2025 ஜனவரியிலிருந்து சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது, கேட்க வேண்டுமா? வாரநாளின் விடியற்காலையும் வேண்டாம், மோட்டார்சைக்கிள் கூட்டம் அப்போதுதான். செவ்வாய் அல்லது புதன், மதியத்துக்கு முன். செனாய் பக்கம் பிரிந்து இரண்டாவது பாலமான துவாஸ் பாலம் வழியாக வந்தால் சுற்றுதான், டோலும் கூடுதல்தான், ஆனால் பின் இருக்கையில் சிறு பிள்ளைகள் இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம் சாமான். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களைப் பாருங்கள். ஆளுக்கு 30 கிலோ பெட்டியோடு விமானத்தில் இறங்கி, கொஞ்ச நாளில் இங்கேயே எல்லாம் வாங்கிச் சேர்த்துவிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்குத்தான் பக்கத்து நாடு என்ற நினைப்பில் கொல்லைப்புறத்துப் பூந்தொட்டி முதல் கிழிந்த பாய் வரை லோரியில் ஏற்றத் தோன்றும். ஏற்றுங்கள், ஆனால் பட்டியல் எழுதிவையுங்கள். குடிமாறி வருகிறவர் மூன்று மாதமாவது வைத்திருந்து பயன்படுத்திய வீட்டுச் சாமானை, முதலில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொண்டுவந்தால் பொருள் சேவை வரி விலக்கு கேட்கலாம். போகிற நேரத்தில் ஆசையாக வாங்கிய புதுத் தொலைக்காட்சிக்கு அது பொருந்தாது. அதற்கு 9 விழுக்காடு கட்ட வேண்டியிருக்கும். சிகரெட்டுக்கு ஒரு குச்சி கூட விலக்கில்லை. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கும் இல்லை. லோரிக்காரர் பையில் என்ன இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு மிஞ்சிய பட்டாசு ஏதாவது அலமாரி மேல் கிடந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

நான் வந்தது 1996இல். துவாஸ் பாலம் அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. ஒரு சீன அங்கிளின் லோரியில், முன்னால் நானும் மனைவியும் மடியில் கைக்குழந்தையும். பின்னால் அம்மா அனுப்பிய இரும்பு அலமாரி, குளிர்பதனப் பெட்டி, தோட்டத்து வீட்டில் இருந்த மரக்கட்டில். சோதனைச்சாவடியில் பாதியை இறக்கச் சொன்னார்கள். வெயிலில் கட்டிலை ரோட்டோரம் போட்டுவிட்டு, கைப்பிள்ளையை அதிலேயே படுக்கவைத்து, என் மனைவி கடப்பிதழால் விசிறிக்கொண்டிருந்தாள். இன்றும் உறவுக்காரர்கள் வந்தால் அவள் முதலில் சொல்லும் கதை அதுதான்.

தோ பாயோவில் நாங்கள் பிடித்த வீடு ஏழாவது மாடி. அந்தக் காலத்துப் புளோக், லிஃப்ட் முதல், ஐந்தாவது, ஒன்பதாவது மாடிகளில் மட்டும் நிற்கும். ஐந்திலிருந்து தூக்கி ஏற்றுவதா, ஒன்பதிலிருந்து இறக்குவதா என்று அங்கிளுக்கும் எனக்கும் பெரிய விவாதம். இறக்குவது சுலபம் என்றேன். அலமாரியின் அடியில் நின்றது அவர், அதனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் எதிர்வீட்டு மலாய் அண்ணன் சாரோங்கை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், பேச்சுவார்த்தை முடிந்தது. அவர் மனைவி ஆளுக்கொரு குவளை சிராப் கொடுத்தார். தீபாவளிக்கு முறுக்கு, பெருநாளுக்குக் குவே பலகாரம் என்று பல வருஷம் ஓடியது.

இப்போது அந்தத் தொல்லை இல்லை. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு பெரும்பாலான பழைய புளோக்குகளிலும் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது. ஆனால் அளவு அதே அளவுதான். கழற்ற முடியாத கட்டிலைக் கொண்டுவராதீர்கள். எங்களுடையது படுக்கையறைக்குள் நுழையவே இல்லை, கூடத்தில் போட்டுத்தான் படுத்தோம்.

இன்னொன்று, வந்த பிறகு எதைப் பார்த்தாலும் மூன்றால் பெருக்காதீர்கள். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்பது சம்பளத்தை ஊருக்கு அனுப்பும்போது இனிக்கும், தேநீர் வாங்கும்போது கசக்கும். இங்கே இருபது வருஷம் இருந்தும் இன்னும் பெருக்கிக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை ஆனால் கடற்பாலத்தில் நின்றுகொண்டு, "இந்த ஊரே சரியில்லை" என்று போனில் புலம்புவதும் அவர்கள்தான். வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு ஓடினால் எந்த ஊர்தான் சரியாக இருக்கும்?

தேதி முடிவு செய்வதற்கு முன் இரண்டு நாட்டுப் பள்ளி விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோரிக்காரரிடம் சிங்கப்பூருக்குள் வரும் அனுமதி வண்டிக்கு இருக்கிறதா என்று வாயால் கேட்டால் போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள்.