டிரான்சிஸ்டர் போலியா, சர்க்யூட் சரியில்லையா?

கேள்வி: பிசி547 டிரான்சிஸ்டர் கொண்டு 12 வோல்ட்டில் மைக் ஆம்ப்ளிஃபயர் செய்தேன். அதன் மூன்று கால்களில் பேஸுக்கு 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர், கலெக்டருக்கு 4.7 கிலோ ஓம். எமிட்டர் நேராக கிரவுண்டில். நன்றாகவே பாடியது. டிரான்சிஸ்டரின் கால் முறிந்ததால் வேறொரு பிசி547 மாற்றினேன். இப்போது ஒலி கரகரக்கிறது, வெயில் ஏறினால் இன்னும் மோசம். போலி டிரான்சிஸ்டரைத் தந்துவிட்டார்களா?
- பாலிடெக்னிக் மாணவர், விருதுநகர்

பதில்: கடைக்காரர் மீது பழி போடாதீர்கள். இரண்டும் அசலாகவே இருக்கலாம். பெயருக்குப் பின்னால் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும், பாருங்கள். பேஸ் மின்னோட்டத்தைக் கலெக்டரில் எத்தனை மடங்காக்கும் என்பதுதான் கெயின். ஏ ரகத்தின் கெயின் 110 முதல் 220 வரை. சி ரகத்துக்கு 420 முதல் 800 வரை.

உங்கள் பேஸுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5 மைக்ரோ ஆம்பியர். கெயின் 250 என்றால் கலெக்டர் மின்னோட்டம் 1.28 மில்லி ஆம்பியர். கலெக்டரில் 6 வோல்ட் நிற்கும், அருமை. அதே இடத்தில் கெயின் 500 உள்ளதை வைத்தால் 12 வோல்ட்டும் ரெசிஸ்டரிலேயே விழுந்துவிடும். ஒலி அலை கீழே இறங்க இடம் ஏது? சூடு ஏறினால் கெயினும் ஏறும். மதிய வெயிலில் கரகரப்பு கூடுவது அதனால்தான். மல்டிமீட்டரைக் கலெக்டரில் வைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். கெயினை நம்பி பயாஸ் (ஒலி வராதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய நிலை மின்னோட்டத்தை அமைப்பது) கொடுக்கவே கூடாது. இந்தச் சர்க்யூட்டை இன்னும் பாடமாகச் சொல்லித் தருவது எனக்கு வருத்தம்தான்.

2.2 மெகா ஓமை எடுத்துவிடுங்கள். சப்ளையிலிருந்து பேஸுக்கு 47 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம், எமிட்டரில் 1.5 கிலோ ஓம். கலெக்டர் ரெசிஸ்டர் அப்படியே இருக்கட்டும். பேஸ் 2.1 வோல்ட்டில் ஊன்றி நிற்கும். மின்னோட்டம் கூடப் பார்த்தால் எமிட்டர் வோல்டேஜ் உயரும். பேஸுக்கும் எமிட்டருக்கும் உள்ள வித்தியாசம் குறையும். மின்னோட்டம் தானே அடங்கிவிடும். கெயின் 250 ஆனாலும் 500 ஆனாலும் கலெக்டரில் ஏறத்தாழ 7.5 வோல்ட்தான்.

ஆனால் எமிட்டர் ரெசிஸ்டர் ஒலியையும் அடக்கும். ஒலிப் பெருக்கம் வெறும் மூன்று மடங்கு என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் 180 மடங்கை நெருங்கும். மைனஸ் முனை கிரவுண்டுக்கு.