வீட்டு ஜெபத்தை நிறுத்தச் சொல்லி மிரட்டுகிறார்கள்: பொலிசுக்குப் போவது விசுவாசக் குறைவா?

கேள்வி இதுதான்: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் ஐந்தாறு குடும்பங்கள் ஞாயிறுதோறும் ஒரு லயத்துக் காம்பராவில் (தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில்) கூடி ஜெபிக்கின்றன. இனிக் கூடினால் நடப்பது வேறு என்று ஒரு கூட்டம் வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறது. பொலிசும் "பதிவு இருக்கிறதா" என்று கேட்கிறது. ஒரு குடும்பம் பயந்து நின்றுவிட்டது. முறைப்பாடு செய்யலாமா, அல்லது வாய் திறக்காமல் தாங்குவதுதான் விசுவாசத்தில் நிலைத்திருப்பதா? நின்றுவிட்ட குடும்பத்தை என்ன செய்வது?

முறைப்பாடு செய்யலாம். செய்யவும் வேண்டும். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிலிப்பியில் பவுலும் சீலாவும் விசாரணையே இல்லாமல் அடிபட்டுத் தொழுமரத்தில் கிடந்தார்கள். நடுராத்திரியில் துதி பாடிய அதே பவுல், விடிந்ததும் "சத்தமில்லாமல் போய்விடுங்கள்" என்று ஆள் அனுப்பியபோது அசையவில்லை. ரோமக் குடிமக்களைத் தீர்ப்பில்லாமல் அடித்தவர்கள் அவர்களே வந்து வெளியே அழைத்துப்போகட்டும் என்றான். அவன் ஊரைவிட்டுப் போன பிறகும் லீதியாளின் வீட்டுச் சபை அங்கேயே இருக்கவேண்டும் அல்லவா? அடித்தது தவறு என்று அதிகாரிகளின் வாயால் வந்தது அந்தச் சின்னச் சபைக்குத்தான் காவல். துதியும் முறைப்பாடும் ஒரே மனிதனிடம், பன்னிரண்டு மணி நேரத்துக்குள். 22:25இலும் 25:11இலும் அவன் மறுபடி சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறான். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை.

ஆனால் பொலிசுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மத்தேயு 5:11இல் "பொய்யாய்" என்று ஒரு சொல் வருகிறது. நம்மைப் பற்றிச் சொல்லும் தீமை பொய்யாக இருந்தால்தான் அந்தப் பாக்கியம். 1 பேதுரு 4:15 இன்னும் கடுமை: கொலைபாதகன், திருடன் என்ற வரிசையிலேயே "அந்நிய காரியங்களில் தலையிட்டுக்கொண்டவ"னையும் பேதுரு நிறுத்துகிறார். லயத்தில் இது எப்படி இருக்கும்? பல லயங்களில் இரண்டு காம்பராவுக்கு நடுவில் உள்ள சுவர் கூரைவரை போவதில்லை. மேலே தகரம், இடையில் வெளி. இந்தப் பக்கம் இருபது பேர் கைதட்டித் தம்பூரின் அடித்துப் பாடினால், அந்தப் பக்கம் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை காதைப் பொத்திக்கொண்டுதான் இருக்கவேண்டும். ஆறு நாள் கொழுந்தெடுத்து முதுகு விட்டுப்போனவர் படுக்க முடியாது. அதில் ஸ்பீக்கர் பெட்டியும் வைத்துவிட்டு, வருகிற எதிர்ப்பைச் சிலுவை என்று சொல்லக் கூடாது. அடுத்த வீட்டுச் சாமியைப் பேய் என்று மைக்கில் சொல்லி வாங்கிக்கட்டுவதும் சிலுவை அல்ல.

ஆகவே எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே முடியாது என்பதைப் பயம் வருமுன்னே சபையாக உட்கார்ந்து பிரித்துவையுங்கள். மிரட்டல் வந்த இரவில் தனித்தனியாக முடிவெடுத்தால் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும், அல்லது விழும். சத்தம், நேரம், நீளம், ஸ்பீக்கர், வாசலில் குவியும் செருப்பு, பெயர்ப்பலகை எல்லாம் விடக்கூடியவை. இரண்டு வீடுகளாகப் பிரிந்து பத்துப் பத்துப் பேராகக் கூடுவதும் தோல்வி அல்ல. விடமுடியாதவை மிகக் கொஞ்சம்: கூடி ஆராதிப்பது, கேட்டால் கிறிஸ்துவின் பெயரை மறைக்காமல் சொல்வது, பொய் சொல்லித் தப்பாமலிருப்பது, மிரட்டினவனைப் பகைக்காமலிருப்பது. கடைசியானதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

இந்த மலைநாட்டிலேயே இதற்கு மாதிரி உண்டு. கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்தில் இறங்கியபோது, கரையோரத்தை ஒல்லாந்தர் பிடித்து வைத்திருந்தார்கள். கத்தோலிக்கப் பூசைக்குத் தடை. அவர் பிச்சைக்காரர் வேடத்தில் தெருத்தெருவாகப் போனார். உடையை விட்டார், பெயரையும் மதிப்பையும் விட்டார், ஆனால் கழுத்தில் செபமாலையை வெளியே தெரியப் போட்டிருந்தார்; விசுவாசிகள் அடையாளம் கண்டது அதைப் பார்த்துத்தான். 1692இல் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய ஒற்றர் என்று சந்தேகித்துச் சிறையில் போட்டார்கள். சிறை முற்றத்தில் ஒரு கொட்டிலைக் கோயிலாக்கினார், சிங்களம் படித்தார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, வீட்டார் கைவிட்ட நோயாளிகளைத் தூக்கிப் பராமரித்தார். 1711 சனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே இறந்தார். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவரைத் துரத்திய ஒல்லாந்தரும் கிறிஸ்தவர்கள்தான். பின்னாளில் அவருக்கு இடம் கொடுத்தவர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். இதை உங்கள் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். "அவர்கள் எல்லாரும் நமக்கு எதிரி" என்ற பேச்சு தொடங்கினால் அங்கேயே நிறுத்த உதவும்.

இனி சட்டம். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் தருகிறது. 14(1)(உ), அதாவது ஆங்கிலப் பிரதியில் 14(1)(e), தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ, பகிரங்கமாகவோ அந்தரங்கமாகவோ வழிபடவும் போதிக்கவும் உரிமை தருகிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தாலும், இந்த இரண்டு உரிமைகளையும் மற்ற மதங்களுக்கு உறுதிசெய்கிறது. மத வழிபாட்டுக்காகச் சட்டப்படி கூடியவர்களை வேண்டுமென்று குழப்புவது தண்டனைச் சட்டக்கோவையின் 291ஆம் பிரிவில் குற்றம்.

"பதிவு இருக்கிறதா" என்ற கேள்விக்கு: வழிபாட்டுக் கூட்டத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று பாராளுமன்றம் இயற்றிய சட்டம் எதுவும் இல்லை. 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்றைக் காட்டுவார்கள். அது புதிய வழிபாட்டிடம் கட்டுவது பற்றியது. வாக்குவாதம் வேண்டாம். "சேர், நிறுத்தச் சொல்வதை எழுத்தில் தாங்க, எந்தச் சட்டம் என்றும் போட்டுத் தாங்க" என்று தாழ்மையாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது. "இனிக் கூடமாட்டோம்" என்ற கடிதத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் பிரதி கேளுங்கள்.

ஒன்றில் கவனம். லயக் காம்பரா உங்கள் சொந்தக் காணி அல்ல. வீட்டில் ஜெபிப்பது வேறு. சுவரை இடித்து மண்டபமாக்குவதும் வெளியே தகரம் இறக்கிக் கட்டுவதும் வேறு. அனுமதி எழுத்தில் இல்லாமல் கட்டினால், நிர்வாகம் மதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமலே உங்களை வெளியேற்றக் காரணம் கிடைத்துவிடும்.

பொலிசுக்குப் போகும் முறை: ஆபத்து நடக்கும் நேரத்தில் 119. மற்றபடி அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையிலேயே நிலையத்துக்குப் போங்கள். போவதற்கு முன் ஒரு கொப்பித் தாளில் தமிழில் எழுதுங்கள்: திகதி, நேரம், எந்த லயம், எத்தனை பேர், யார் என்ன சொன்னார். சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். "தகாத வார்த்தை பேசினார்" என்று எழுதினால் பயனில்லை. உடைந்த கதவையும் யன்னலையும் கூட்டித் துடைப்பதற்கு முன் படமெடுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் பதியச் சொல்லிக் கேளுங்கள். சிங்களத்தில் எழுதினால் வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து. அதற்காகவே சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் இல்லாமல் திரும்பாதீர்கள். ஏற்க மறுத்தால், அதே விபரத்தைப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை மேலதிகாரிக்கும் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் அனுப்புங்கள். தபால் துண்டைத் தொலைக்க வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் பிழை, முதலில் முகநூலில் போடுவது. கோபத்தில் மற்ற மதத்தைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டால் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கும் 291அ பிரிவு உங்கள் பக்கம் திரும்பும்.

அதைவிடப் பெரிய பிழை நாள் தவறுவது. பொலிஸ் அல்லது அரச அதிகாரி உங்கள் உரிமையை மீறினால், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடவேண்டும். "பேசித் தீர்ப்போம், திருவிழா முடியட்டும்" என்று ஐந்து வாரம் போனால் கதவு மூடிவிடும். கொழும்புக்குப் போக வசதியில்லாவிட்டால் அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதியுங்கள், தொலைபேசி 1996. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதத்தில் சேராது. நிலுவையில் இருப்பதைக் காட்டும் கடிதத்தைக் கேட்டு வாங்கிவையுங்கள். மிரட்டியவர்கள் அதிகாரிகள் அல்ல, தனியாட்கள் என்றால் இந்த மனு அவர்களுக்கு எதிராகப் போகாது. பொலிஸ் கடமையைச் செய்யாமல் விட்டதற்கு எதிராகத்தான் போகும்.

இணக்க சபைக்கு அனுப்பினால் போங்கள். முன்பு பிரித்துவைத்த பட்டியல் அங்கேதான் கைகொடுக்கும். சத்தத்தையும் நேரத்தையும் தாராளமாக விட்டுக்கொடுங்கள். ஆராதனையை மேசையில் வைக்காதீர்கள்.

நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலையும் குடும்பத்துக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போகும், பஸ் காசும் போகும். காணிக்கையில் ஒரு பங்கை அதற்கென்று இப்போதே ஒதுக்குங்கள். "ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு அவர்களை மட்டும் செலவழிக்க விடுவது தப்பு.

தோட்டத்தில் கோயில் வரி ஒரு தனிச் சிக்கல். மரண உதவிப் பணம், தண்ணீர்க் குழாய், பாதைச் சிரமதானம் எதிலும் பின்னிற்கக் கூடாது. முதல் ஆளாக நில்லுங்கள். திருவிழாப் பணத்தைக் கொடுப்பதில் மனச்சாட்சிக்குத் தடை இருந்தால், தலைவரிடம் மரியாதையாகச் சொல்லி அதே தொகையைப் பாலர் நிலையத்துக்கோ பாதைக்கோ கொடுங்கள். ஐந்து ரூபாவும் குறையக் கூடாது. "காசு மிச்சம் பிடிக்க வேதம் மாறினான்" என்ற பேச்சுக்கு வேறு பதில் இல்லை.

நின்றுவிட்ட குடும்பத்தைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் முதல் கவலை. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கவேண்டும் என்று கட்டளையிட்டபோது, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் சபையில் ஏராளமானோர் விழுந்தார்கள். சிலர் பலியிட்டார்கள், சிலர் பலியிடாமலே காசு கொடுத்துத் துண்டு வாங்கினார்கள். ஆயர் சிப்ரியான் இரு சாராரையும் ஒரே தராசில் வைக்கவில்லை. மனந்திரும்பக் காலம் கொடுத்தார். மறுபடி துன்பம் வரும்போல் இருந்தபோது, பலமில்லாமல் நிற்கக் கூடாதென்று அவர்களைச் சீக்கிரம் சேர்த்துக்கொண்டார். அவரே அந்த முதல் துன்பத்தில் ஒளிந்திருந்தவர். 258இல் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தவரும் அவரே. ஓடி ஒளிவது மறுதலிப்பு அல்ல, மத்தேயு 10:23 அதற்கு இடம் தருகிறது. உங்கள் குடும்பம் மறுதலிக்கவும் இல்லை. வரப் பயப்படுகிறது, அவ்வளவுதான்.

இந்த வாரமே போய்ப் பாருங்கள். இரண்டு பேர் போதும், கூட்டமாகப் போனால் லயம் முழுக்கப் பார்க்கும். வேலை முடிந்து கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து முகம் கழுவிய பிறகு போங்கள். கையில் வேதாகமம் தெரிய வேண்டாம்; பிள்ளைகளுக்கு ஒரு பணிஸ் பக்கற் போதும். ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி கொடுத்தால் குடியுங்கள், பிள்ளையின் இருமலை விசாரியுங்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும், கதவைச் சாத்தி, சத்தமில்லாமல் ஜெபியுங்கள்.