குதிரையும் முந்நூற்றிநாலும்

அண்ணை, வணக்கம். எனக்கு ஊர் விசுவமடு. இப்ப கட்டாரில ஒரு குதிரை லாயத்தில வேலை. மாட்டோட வளர்ந்தனான், குதிரை புதுசு. வெளியில கொண்டுவரக் கயிற்றை இழுத்தால் அது பின்னுக்கு இழுக்குது. “நீ விளையாடின விளையாட்டுகளிலயே குதிரை பழக்கப் படிக்கலாம்” எண்டு இங்க மூத்த வேலையாள் ஒருத்தர் சொல்லுறார். பகிடியோ தெரியேல்லை. நாங்கள் என்ன விளையாடினனாங்கள், பட்டமும் 304 எண்ட காட்ஸ் விளையாட்டும்தானே?

— வாசகர் ஒருவர்

தம்பி,

அவர் பகிடி விடவில்லை. குதிரையைக் காண நாங்கள் நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறவேண்டும் என்பது மெய்தான். ஆனாலும் பட்டமும் காட்ஸும் போதும். என்னைக் கேட்டால் காட்ஸ்தான் பெரிய வாத்தியார்.

பட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடைக்காற்றில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று ஏற்றுவேன். காற்று திடீரென்று மோதும்போது நூலை இறுக்கிப் பிடித்ததன் தழும்பு சுட்டுவிரலில் இன்னும் இருக்கிறது. பட்டம் போனது தனிக்கதை. எப்போது இளக்குவது என்பது விரலுக்குத்தான் தெரியவேண்டும். குதிரையோ இழுவைக்கு எதிர் இழுவை கொடுக்கிற பிராணி. அதன் தோளுக்குப் பக்கத்தில் நின்று, கயிற்றைத் தொய்யாமல் மெல்லப் பிடித்தபடி காத்திரும். அடி எடுத்து வைக்கும்வரை அல்ல, உடம்புப் பாரம் முன்னுக்குச் சாய்ந்தாலே தளர்த்திவிடும். இழுக்கும்போது அது படிப்பதில்லை, விட்ட கணத்தில்தான் படிக்கிறது. நீர் படிப்பிக்க நினைக்காததையும் படிக்கும்: தலையை உதறும்போது கயிற்றை விட்டீரோ, உதறினால் விடுவான் என்று பிடித்துக்கொள்ளும்.

இனிக் காட்ஸ். 304இல் ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, இவை இரண்டும்தான் பெரிய காட்ஸ் என்பது உமக்குத் தெரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியப்பா. ஜாக்கும் ஒன்பதும் சேர்ந்து கைக்கு வந்தால் சாரத்தைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்காருவார். அவ்வளவுதான், வாய் திறக்கமாட்டார். அதைக் கண்டதும் நாங்கள் அதற்குமேல் ஏலம் கேட்காமல் விட்டுவிடுவோம். கடைசிவரை அவருக்குக் காரணம் விளங்கவே இல்லை.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குச் செய்து, குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணுக்கு வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை நிமிரும். அதைக் கண்டு நிறுத்தியிருக்கிறது. உரிமையாளர் வொன் ஒஸ்டன் ஏமாற்றுக்காரர் அல்ல. எங்கள் பெரியப்பா மாதிரித்தான்.

‘இண்டைக்கும் வராது’ என்று தோளை இறுக்கிக்கொண்டு நீர் லாய வாசலில் நிற்கும்போதே உமது குதிரையும் உம்மை அப்படி வாசித்துவிடுகிறது. மூச்சை விட்டு, அதன் முகத்தை முறைக்காமல், போகவேண்டிய பக்கம் பாரும். வண்டிச் சவாரி மாட்டோடு பழகிய கையென்றால், மாட்டை அடித்து ஓட்டுகிற துவரங்கேட்டியின் நினைப்பை ஊரிலேயே விட்டுவிடும்.

அறையில் கூட்டாளிகள் 304 போடுவார்கள்தானே? இன்றிரவு அவர்களின் தோள்களைப் பாரும்.