அப்பா அம்மா மெஷினைத் தொடவே மாட்டேங்குறாங்களா? கேளுங்க, சொல்றேன்

வயசானவங்க வீட்டுக்குப் போயி பிபி மெஷின், சுகர் மெஷின், வாட்ச் எல்லாம் செட் பண்ணி கத்துக்குடுக்குறதுதான் பல வருஷமா என் வேலை. நீங்க கேட்டதுல சிலதுக்கு இங்க பதில்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 74. கீழ விழுந்தா தானா போன் போடுற வாட்ச் வாங்கிக் குடுத்தோம், டிராயர்லயே கெடக்கு. டெக்னாலஜின்னா பயமோ?

பதில்: வாட்ஸ்அப்ல வீடியோ அனுப்புறாரா தம்பி? அனுப்புறார்னா பயம் இல்ல. அதைக் கட்டுனா "நான் விழுற ஆளு"ன்னு எல்லாருக்கும் சொல்ற மாதிரி அவருக்குத் தோணும். 1989ல ஃப்ரெட் டேவிஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், ஒரு பொருள் உபயோகமா இருக்குமா, சுலபமா இருக்குமான்னு பாத்துதான் ஆளுங்க ஏத்துக்குறாங்கன்னு சொன்னார், அது ஆபீஸ் கம்ப்யூட்டரை வச்சு சொன்னது, நான் பாத்த வீடுகள்ல மூணாவதா கௌரவமும் சேந்துக்குது. அதனால விழுறதைப் பத்திப் பேசாம, எத்தனை அடி நடந்தார்னு கணக்கு பாக்குறது, மணி பாக்குறதுன்னு அந்த வாட்சை ஆரம்பிச்சு வச்சுப் பாருங்க.

கேள்வி: நான் தொட்டா ஸ்க்ரீன் வேலை செய்யுது, அம்மா தொட்டா செய்யல. "எனக்கு இதெல்லாம் வராது"ன்னு விட்டுட்டாங்க.

பதில்: அவங்க மேல தப்பே இல்லங்க! வயசானா விரல் தோல் காஞ்சுடும், டச் ஸ்க்ரீன் விரல்ல இருக்குற மின்சாரத் தன்மையை வச்சுதான் தொட்டதைக் கண்டுபிடிக்குது, காஞ்ச விரலை சரியா உணராது. கொஞ்சம் க்ரீம் தடவச் சொல்லுங்க, இல்லன்னா டச் பேனா வாங்குங்க. முக்கியமா, காரணத்தை அவங்ககிட்ட சொல்லுங்க.

கேள்வி: மாத்திரை அலாரம் அடிச்சாலும் தாத்தா கண்டுக்கறதில்ல.

பதில்: கேக்கலையா இருக்கும். வயசாக ஆக கீச்சுன்னு அடிக்குற சத்தம்தான் மொதல்ல காதுல விழாம போகும். கனமான டோனா மாத்துங்க.

கேள்வி: பிபி மெஷின் ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் காட்டுது, மாமா நம்பவே மாட்டேங்குறார்.

பதில்: அவர் சந்தேகப்படுறது நியாயம்தான். பிபி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்னு யாராச்சும் அவர்கிட்ட சொன்னீங்களா? 5 நிமிஷம் சும்மா உக்காந்து, கால் தரையில பட, கை நெஞ்சு உயரத்துல வச்சு, பேசாம, ஒரு நிமிஷம் விட்டு ரெண்டு தடவை எடுங்க. பட்டை கைக்கு சின்னதா இருந்தா பிபி கூடுதலா காட்டும், அதையும் பாருங்க.

கேள்வி: தனியா இருக்குற அம்மாவுக்காக கேமரா வச்சோம், துணி போட்டு மூடிட்டாங்க.

பதில்: வைக்குறதுக்கு முன்னாடி கேட்டீங்களா? கேக்கலன்னா கழட்டிடுங்க, மொதல்ல அதைச் செய்ங்க. அப்புறம் அவங்ககூட உக்காந்து, உங்களுக்கு என்ன பயம், அவங்களுக்கு எது சம்மதம்னு பேசுங்க. படமே எடுக்காம ஆள் நடமாட்டத்தை மட்டும் சொல்ற சென்சார் இருக்கு, அதுக்கு ஒத்துக்கலாம், ஒத்துக்காமலும் போகலாம். வீடு அவங்களோடது.