வாடகை ஒழுங்காகக் கொடுத்தால் சிபில் ஸ்கோர் ஏறுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஒன்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன். மாதந்தோறும் ஐந்தாம் தேதிக்குள் வாடகையை ரொக்கமாகக் கொடுத்துவிடுவேன். வீட்டுக் கடன் கேட்டபோது, கடன் வரலாறே இல்லை என்று வங்கி கைவிரித்துவிட்டது. வீட்டு உரிமையாளர் ரசீது தர மறுக்கிறார். மோட்டார் பழுதுக்குக்கூட என்னிடமே பணம் வாங்கினார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி ரசீது வாங்கவும், வாடகையை ஸ்கோரில் சேர்க்கவும் வழி உண்டா?

பதில்: மோட்டார் செலவை விட்டுவிடுங்கள். சிபில் முதலான கடன் தகவல் நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குபவை. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் கடன் கணக்குகளைப் பற்றித் தரும் விவரங்களே அங்கு ஏறும்; கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் மதிப்பெண்ணான ஸ்கோர் அவற்றை வைத்தே போடப்படுகிறது. உங்கள் வீட்டு உரிமையாளர் உங்களுக்குக் கடன் கொடுத்தவர் அல்லர். ஆகவே ஒன்பது ஆண்டு அல்ல, தொண்ணூறு ஆண்டு தவறாமல் கொடுத்தாலும் அந்த வாடகை ஸ்கோரில் சேராது.

முதன்முறையாகக் கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் தந்த வழிகாட்டுதல். அதைச் சுட்டி வங்கிக்கு எழுதலாம். ஆனால் கடன் கொடுத்தே தீர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வாடகை வங்கிக் கணக்கு வழியாகச் சென்றிருந்தால், மாதாமாதம் இவ்வளவு கட்டும் சக்தி உங்களுக்கு உண்டு என்று மேலாளரிடம் காட்டவாவது அது உதவியிருக்கும்.

நான் அஞ்சுவது அந்த நோட்டீஸைப் பற்றித்தான். உங்கள் கடிதத்தில் ஒப்பந்தம் என்ற பேச்சே இல்லை. என்றோ ஒரு முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்கு எழுதிக் கையெழுத்திட்டு, பிறகு புதுப்பிக்காமல் விட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாகவும் வேண்டும். ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதே வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணம். ரசீது கேட்டு நோட்டீஸ் விட்டவர், இந்த ஒரு காரணத்தின் பேரில் வெளியேற்ற மனுவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு வாடகை நீதிமன்றத்தில் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர் கோபத்தில் வாடகையை நிறுத்தி, "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, கேட்டு நோட்டீஸ் வந்தபிறகும் கொடுக்காவிட்டால், அது உரிமையாளர் கையில் இன்னொரு காரணம். ரொக்கமாகக் கொடுத்தவருக்கு, பாக்கி இல்லை என்று நிரூபிப்பதும் எளிதன்று.

வாடகையை வைத்து ஸ்கோர் ஏற்றித் தருவதாகச் சொல்லும் திட்டங்களில் சேருமுன் தாள்களைப் படியுங்கள். அட்வான்ஸுக்கென்று உங்கள் பெயரில் கடன் போட்டிருந்தால், வீட்டைக் காலி செய்தாலும் தவணை நிற்காது. ஸ்கோர்தான் வேண்டுமென்றால், வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கடன் அட்டை வாங்கி, முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டி வாருங்கள்.

உரிமையாளரிடம் சமாதானமாகப் போவதே உங்களுக்கு லாபம். ரசீதுக்கு அவர் தயங்குவது பெரும்பாலும் வருமான வரிக்குப் பயந்துதான்; வாடகையில் சிறிது கூட்டிக் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், வழக்குச் செலவைவிட அது குறைவு. புதிய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வாடகையை அதில் கையெழுத்திடுபவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். மனைவி கணக்கு, மகன் கணக்கு என்று மாற்றிச் சொன்னால் அதையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். இன்றுவரை வாடகை பாக்கி இல்லை என்றும், அட்வான்ஸ் இவ்வளவு தம்மிடம் இருக்கிறது என்றும் இரண்டு வரி அதில் இடம்பெறாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.