மூன்று ஆண்டில் பட்டம்: யாருக்கு அவசரம்?

கேள்வி: நியூ ஜெர்சியில் என் மகள் கல்லூரி முதலாண்டை முடிக்கிறாள். பள்ளியிலேயே கல்லூரி அளவிலான பாடங்களுக்கு எழுதிய ஏ.பி. தேர்வுகளால், பட்டத்துக்குக் கணக்கில் சேரும் கிரெடிட் நிறையக் கையில் இருக்கிறது. மூன்றே ஆண்டில் பட்டம் வாங்க வைத்து, உடனே மருத்துவக் கல்லூரியில் சேர்த்துவிட நினைக்கிறேன். ஒரு வருடக் கட்டணமும் மிச்சம், வயதும் மிச்சம். சரிதானே?
- ஒரு தந்தை, எடிசன்

பதில்: கட்டணம் மிச்சம் என்பது உண்மை. பின்னால் மருத்துவப் படிப்புக்கு வாங்கப்போகும் கடனை நினைத்தால், அது சின்ன விஷயமே அல்ல. 'உடனே' என்கிறீர்களே, அதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஒரு கோடையில் விண்ணப்பித்தால் அடுத்த கோடையின் முடிவில்தான் வகுப்பு. அப்படியானால் உங்கள் மகள் இரண்டாம் ஆண்டு முடிந்த கையோடு விண்ணப்பித்தாக வேண்டும். அதற்குள் கரிம வேதியியல், உயிர்வேதியியல், இயற்பியல், உளவியல் எல்லாவற்றையும் படித்து, இடைவேளைகளோடு ஏழரை மணி நேரம் நீளும் எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வையும் எழுதியிருக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் தரும் அளவுக்கு அவளை அறிந்த பேராசிரியர்கள் அதற்குள் எத்தனை பேர் இருப்பார்கள்?

விண்ணப்பத்தில் அனுபவங்களைச் சொல்ல 15 கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 700 எழுத்துகளுக்குள் எழுத வேண்டும். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் என்பதில்லை. ஆனால் நோயாளிகளோடு பழகிய அனுபவத்தைத் தேர்வுக் குழு அங்கே கட்டாயம் தேடும். இரண்டு ஆண்டுகளாகப் பாடப்புத்தகத்தை விட்டுத் தலை நிமிராத பெண் அங்கே என்ன எழுதுவாள்? 2023-இல் சுமார் 52 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். சேர்ந்தவர்கள் சுமார் 23 ஆயிரம் பேர். வெளியே நின்றவர்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் ஏராளம். சீக்கிரம் முடித்தாள் என்பதற்காக எந்தக் குழுவும் சலுகை காட்டாது.

மூன்றாண்டில் முடிக்கட்டும், தவறில்லை. மூன்றாம் ஆண்டு மதிப்பெண்களும் கைக்கு வந்த பிறகு விண்ணப்பிக்கட்டும். காத்திருக்கும் அந்த ஓராண்டில் மருத்துவர் சொல்லச் சொல்லக் குறிப்பெடுக்கும் ஸ்கிரைப் வேலையோ, ஆம்புலன்ஸ் பணியோ பார்க்கலாம், சம்பளமும் வரும். நான்காண்டு படித்துவிட்டு நேரே சேரும் தோழிகளின் வயதில்தான் அவளும் சேருவாள். மருத்துவக் கல்லூரி முதலாண்டில் சேருகிறவர்களின் சராசரி வயதே 24-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியிருக்க, எந்த வயதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறீர்கள்?

ஏ.பி. கிரெடிட்டை நம்பி வேதியியலையும் இயற்பியலையும் கல்லூரியில் தொடாமலே விட்டுவிட வேண்டாம். சில மருத்துவக் கல்லூரிகள் அந்த கிரெடிட்டை ஏற்பதில்லை. வேறு சில, அந்தப் பாடத்தின் அடுத்த கட்டத்தைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்கின்றன. அவள் சேர விரும்பும் ஒவ்வொரு கல்லூரியின் விதியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. கிரெடிட், கட்டணம், வயது என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரிகூட இல்லை. நேர்காணலில் 'ஏன் மருத்துவம்?' என்று கேட்கும்போது பதில் சொல்லப்போவது அவள்தான். மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கு வழிகாட்ட, கல்லூரியில் ப்ரீ-மெட் ஆலோசகர் இருப்பார். இந்த வாரமே அவள் போய்ப் பார்க்கட்டும். நீங்கள் உடன் போக வேண்டாம்.